‘உன்னுதா?’ என்று கேட்டவர்

உத்திரமேரூர் பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு மனிதரை ஒரு வருடம் முழுக்க நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். அரிசி களையும்போது திட்டுவேன், தறியில் உட்கார்ந்து திட்டுவேன், எதிரில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனாலும் திட்டுவேன். அவர் பேர் எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் சைக்கிள் கடை அண்ணன். பண்டிகை வந்தால் போட்டோக்கடை அண்ணன்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில். பொங்கல், தீபாவளி, ஆடிக் கிருத்திகை என்று வருடத்தில் மூன்று தடவை அந்தச் சைக்கிள் கடை ஸ்டூடியோ ஆகிவிடும். சைக்கிள்களை எல்லாம் பின்சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவிட்டு, குறுக்கே கயிறு கட்டி ஒரு நீலத் துணியைத் தொங்கவிடுவார். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வரும். இரண்டு பழைய குடைகளின் உட்பக்கம் வெள்ளைத் துணி தைத்து, அவற்றுக்குள் பெரிய பல்பு மாட்டியிருப்பார். சுவரில் ஒரு கண்ணாடி, நூலில் கட்டிய சீப்பு, ஒரு பவுடர் டப்பா. அவ்வளவுதான். நீலத் துணிக்குப் பின்னாலிருந்து ஏதாவது ஒரு ஹேண்டில்பார் துருத்திக்கொண்டே இருக்கும். பஞ்சர் ஒட்டும் பசை வாசனை ஆளைத் தூக்கும். போட்டோவில் வாசனை தெரியாது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற ஊர் ஸ்டூடியோக்களில் அரண்மனை படம் போட்ட திரை இருக்கும், மாடிப்படி இருக்கும், பிளாஸ்டிக் ரோஜா இருக்கும். இவரிடம் அது எதுவும் கிடையாது. யாராவது கேட்டால், “அரமண உன்னுதா?” என்பார். அதற்குமேல் அவரோடு யார் பேசுவது?

அதுதான் அவர். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, எதிரே நிற்பவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்ப்பார். பிறகு ஒரு விரலை நீட்டி, “இது உன்னுதா?” என்று கேட்பார். வாட்ச்சைக் கேட்பார், செயினைக் கேட்பார், பேனாவைக்கூடக் கேட்பார். உன்னுது என்றால் சரி. இரவல் என்றால், “கயட்டு.” கழற்றினால்தான் படம். கெஞ்சினாலும் இல்லை, சண்டை போட்டாலும் இல்லை. கிராமத்து ஜனங்கள் காணும் பொங்கலுக்குப் பஸ் ஏறி வருகிறார்கள். வருகிறபோது பெரியம்மாவுடைய செயின், பக்கத்து வீட்டு வாட்ச் என்று நாலு பேரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பண்டிகை என்றால் அதுதானே? இந்த மனிதர் வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் உருவுவார்.

“மணிக்கு இவ்ளோன்னு சைக்கிள வாடகைக்கு உடறவன் பேசற பேச்சப் பாரு” என்று ஜனங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர் கேட்காத மாதிரி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

டீக்கடைக்காரரின் தங்கையைப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் புதுமாப்பிள்ளை ஒரு தீபாவளிக்குக் கோட்டு, கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டு மிடுக்காக வந்து நின்றார்.

“கோட்டு உன்னுதா?”

“என்னுதுதாண்ணா.”

“கைய நீட்டு.” நீட்டினார். கோட்டின் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. “உன்னுதுன்னா டெய்லரு இன்னா தூக்கத்துலயா தச்சான்?”

“மச்சான்துண்ணா. ஒரு நிமிசம்தான, எடுத்துடேன்.”

“எடுக்கறேனே. மச்சான வந்து நிக்கச் சொல்லு.”

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீக்கடைக்காரருக்கு முகம் செத்துப்போனது. மாப்பிள்ளை வெறும் வெள்ளைச் சட்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னாள்: “அவுருக்கு அதவிட நல்ல போட்டோ இன்னும் அமையலக்கா.” உண்மை அது. அண்ணன் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். அதனால்தான் திட்டிக்கொண்டே அவரிடம் போனார்கள்.

இன்னொரு நாள் ஏரிக்கரை ஓரத்தில் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். அன்றைக்கு அறுவடைக் கூலி வேலை இல்லை, குளித்துத் தலைசீவி வந்திருந்தார்கள். அந்தப் பெண் கழுத்தில் கருப்பு மணி. அவர் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு நாயைக் காட்டினார்.

“இது உங்குளுதா?”

அந்த ஆள் யோசித்தார். “எங்குளுதுன்னு எப்டி சொல்றது சார். அது பாட்டுக்கு எங்ககூட வரும், போவும்.”

அண்ணன் தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, “சரி, அது போறதா இருந்தா போவட்டும். நிக்கறதா இருந்தா நிக்கட்டும்” என்றார். நாய் நின்றது. அவர்களுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்துப் பேரை எடுத்திருக்கலாம். பின்னால் நின்ற பணக்கார வீட்டு ஆட்கள் பேஜாராகிப்போனார்கள்.

இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று என் மாமியார்தான் சொன்னார். ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான் எடுத்துக்கொண்டிருந்தாராம். புள்ளலூர் பக்கம் ஒருத்தி தன் ஓரகத்தியின் செயினை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பொங்கலுக்குப் படம் எடுத்தாள். திருப்பிக் கொடுப்பதற்குள் இரண்டு வீட்டுக்கும் சண்டை. செயின் என்னுது என்று சாதித்துவிட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசியபோது போட்டோவைக் கொண்டுவந்து வைத்தாள். “கயுத்துல போட்டுக்கினு கீறா பாரு, அவளுதுதான்” என்று தீர்த்துவிட்டார்கள். நிஜமான சொந்தக்காரி நேராகச் சைக்கிள் கடைக்கு வந்து, வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். “நான் எடுத்ததாலதான அது அவளுதா பூட்ச்சி” என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி.

இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் நான் அவமானப்பட்டிருக்க மாட்டேன். ஐயங்கார்குளத்திலிருந்து உத்திரமேரூருக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். என் நாத்தனார் ஆசையாகத் தன் ஆரத்தை எடுத்து என் கழுத்தில் போட்டு, “போய் அண்ணாகூட ஒரு போட்டோ எட்த்துக்கினு வாங்கண்ணி” என்று அனுப்பிவைத்தாள். நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றோம். விரல் நீண்டது.

“ஆரம் உன்னுதாம்மா?”

எனக்கு வழக்கம் தெரியாது. “நாத்தனாருது” என்று சொல்லிவிட்டேன்.

“கயட்டிடும்மா.”

வாசலில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். கொக்கி என் முடியில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க வரவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மரம் மாதிரி நின்றார். கடைசியில் ஆரத்தைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டபோது என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அந்தப் போட்டோவில் நான் அழுது முடித்த முகத்தோடு இருப்பேன். வீட்டுக்கு வந்து, “என்னுதுன்னு எனக்கு இன்னா கீது? அத்த ஊரு முன்னாடி கேட்டு வாங்கணுமா அந்த ஆளு?” என்று கத்தினேன். அன்றைக்கு ஆரம்பித்த திட்டுதான் ஒரு வருடம் ஓடியது.

நாங்கள் தறிக்காரர்கள். வீட்டில் ஒரே தறி, அதுவும் முதலாளியுடையது. காஞ்சிபுரத்தில் இருந்த அவர்தான் பட்டும் ஜரிகையும் கொடுப்பார்; நாங்கள் நெய்து கொடுப்போம். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற புடவையை ஒருத்தர் மட்டும் நெய்ய முடியாது. கரையை உடம்போடு கோத்துக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் நான். அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஒரு கல்யாணப் புடவை வந்தது. மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. தை மாதம் முகூர்த்தம், அவசரம். இருபத்திரண்டு நாள் நானும் என் வீட்டுக்காரருமாக உட்கார்ந்து போகியன்றைக்குத் தறியிலிருந்து அறுத்தோம். கையில் ஏந்தியபோது எனக்கே கண் கூசியது. முதலாளி வீட்டில் பண்டிகை, பொங்கல் முடிந்து கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். புடவை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் படுத்திருந்தது.

தறிக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. நெய்த புடவையை உடம்பில் சுற்றக் கூடாது. மடிப்புக் கலையும், வேர்வை படும் என்பது ஒரு பக்கம். கல்யாணப் பெண் கட்டுவதற்கு முன்னால் இன்னொருத்தி கட்டி அவிழ்த்த புடவை என்று தெரிந்தால் அவ்வளவுதான். தறியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் எந்த முதலாளியும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டார். என் அம்மா முப்பது வருடம் நெய்தவள். ஒரு முந்தானையைக்கூடத் தோளில் போட்டுப் பார்த்ததில்லை.

காணும் பொங்கலன்று என் வீட்டுக்காரர் கொல்லாபுரி அம்மன் கோயில் பக்கம் கட்டிக்கொடுத்த அவர் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார். தலைவலி என்று நான் வீட்டில் இருந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன். என்னுது எது என்று கேட்டாரே அந்த மனிதர், கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்று ஒரு வெறி. வேறு எதுவும் இல்லை, வெறும் கோபம்தான். புடவையைத் துவைத்த வேட்டியில் சுற்றி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பஜாருக்கு நடந்துவிட்டேன்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்த நேரம். அவர் மட்டும் உட்கார்ந்து பிலிம் சுருளை மாற்றிக்கொண்டிருந்தார். கூடையைத் திறந்து காட்டினேன்.

பார்த்தார். “உன்னுதாம்மா?”

“நான் நெய்ஞ்சது.”

“அத்த கேக்கல. உன்னுதா?”

“இல்ல. மொதலாளிது.”

“அவுரு நெய்ஞ்சாரா?”

“அவுரு ஏன் நெய்யறாரு.”

“கட்டிக்கப் போறவங்க?”

“அவுங்க யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணா.”

“எத்தினி நாளு?”

“இருவத்திரெண்டு.”

அவர் என் கையைப் பார்த்தார். மஞ்சள் சாயம் நகக்கண்ணில் ஏறியிருந்தது. தலையைச் சொறிந்தார். கேமராவைத் திறந்தார், மூடினார். எனக்கோ வாய் துடித்தது, இப்போது ‘எடுத்துக்கினு போ’ என்று சொல்லட்டும், நாலு வார்த்தை நன்றாகக் கேட்கிறேன் என்று நின்றேன்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “உக்காரு.”

எழுந்துபோய் முன்பக்கப் பலகைகளை மாட்டினார். வெளியே இரண்டு பேர் வந்து நின்றதற்கு, “அர மணி ஆவும், டீ சாப்ட்டு வாங்க” என்றார். சைக்கிள் எண்ணெய் படாமலிருக்க நான் கொண்டுபோன வேட்டியையே தரையில் விரித்தார். நீலத் துணிக்குப் பின்னால் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று நான் கட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் மடிப்பு விழும் என்று நிற்கவைத்தார். கடைசியில், “கைய பின்னால ஒளிக்காத, முன்னாடி வை” என்றார். எடுத்தார். நான் புடவையை அவிழ்த்து, பழைய மடிப்புத் தடத்திலேயே ஒரு விரல்கூடப் பிசகாமல் மடித்து எடுத்துக்கொண்டேன். போகிறபோது, “வூட்டுல மாட்டாதம்மா. பொட்டில வெச்சிக்க” என்றார்.

அன்றைக்குத்தான் திட்டு நின்றது. திட்ட நினைத்தால் கண்தான் கலங்கும்.

மறுநாள் முதலாளி புடவையை வாங்கித் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் நெய்ஞ்சிக்கீறீங்க” என்று உள்ளே அனுப்பிவிட்டார். பத்து நாளில் பிரிண்ட் வந்தது. இரண்டு. ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். இன்னொன்றை என் அம்மாவுக்குக் கொடுத்தேன். யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளைவிட்டால் நான் யாரிடம் காட்டுவது?

என் அம்மா பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அதே முதலாளியின் ஆள்தான் ஐயங்கார்குளத்துக்கும் பட்டு கொண்டுபோகிறவர். பார்த்துவிட்டார். சட்டத்திலிருந்து படத்தை உருவி முதலாளியிடம் கொண்டுபோய்விட்டார்.

மாசி மாதம் ஒரு காலை முதலாளியே வண்டியில் வந்து இறங்கினார். தறிச் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து கைகட்டி நின்றார். முதலாளி போட்டோவை நீட்டினார்.

“இது யாரும்மா?”

“நான்தாங்க.”

“பொடவ யாருது?”

என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு போட்டோ இருப்பதே தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். தறியைப் பார்த்தேன். என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

“போட்டோக்கடையில குட்த்தாங்க. படத்துக்குக் கட்டிக்கறதுக்கு.”

“எந்தக் கடை?”

சொல்லியாக வேண்டும். சொன்னேன். சொல்லும்போதே நான் செத்தேன். ஊரில் வேறு எந்தக் கடையைச் சொல்லியிருந்தாலும் பொய் நின்றிருக்கும். ஒரு கர்ச்சீப்கூட இரவலாக அனுமதிக்காத மனிதர், எனக்குப் பட்டுப்புடவை கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறேன். முதலாளிக்கு அவர் வழக்கம் தெரியாது. பஜாருக்கே தெரியும்.

முதலாளி முன்னால், என் வீட்டுக்காரர் நடுவில், நான் பின்னால். அப்படியே பஜாருக்கு நடந்தோம். அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் போட்டோ நீ எடுத்ததா?”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “ஆமாங்க.”

“பொடவ யாருது?”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே காதைக் கொடுத்தார். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை, கண் காட்டவில்லை. பயத்தில் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

“நீ குட்த்ததுன்னு சொல்லுதே இந்தப் பொண்ணு” என்றார் முதலாளி.

“ஆமாங்க” என்றார் அண்ணன். “நான் குட்த்ததுதான்.”

“எங்க அந்தப் பொடவ, காட்டு.”

“காஞ்சிபுரத்துல கூத்துக்கு டிரஸ் வாடகைக்கு உடறாங்களே, அவுங்ககிட்ட எடுத்தாந்தது. பொங்கல் முடிஞ்சி திருப்பிக் குட்த்துட்டேங்க. சைக்கிள வாடகைக்கு உடறவன், பொடவய வாடகைக்கு எடுக்கமாட்டேனா?”

முதலாளி போட்டோவை வெயிலில் பிடித்து மறுபடி பார்த்தார். சிரித்தார். “கூத்துப் பொடவயா? அதான பாத்தேன். நம்ம மஞ்ச இப்டி பல்ல இளிக்காது. கரையப் பாரு, கோணலா ஓடுது.” போட்டோவை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வண்டி நின்ற பக்கம் நடந்தார்.

தறி பிழைத்தது. ஆனால் கோணல் கரை என்று சொன்னாரே, அந்த நேரத்திலும் எனக்கு வந்த ஆத்திரம்! இருபத்திரண்டு நாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கோத்த கரை அது.

முதலாளி தெரு முனை தாண்டியதும் டீக்கடைக்காரர் வெளியே வந்தார். “அடப்பாவி மனுசா! என் மாப்ளய ஊர் முன்னாடி கோட்ட கயட்ட வெச்சியே. நீ வாடகைக்குப் பொடவ எடுத்தாந்து கட்டி உட்டிருக்கிறியா?”

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருத்தர் வாட்ச் கதை சொன்னார், ஒருத்தர் செயின் கதை. “எங்குளுக்கு மட்டும்தான் சட்டமா?” என்றார்கள். அண்ணன் டியூபை எடுத்து மறுபடி தண்ணீரில் அமுக்கினார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் கேட்டார். “நம்ம தறிப் பொடவதான அது?”

“ஆமா.”

திட்டுவார் என்று பார்த்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் கீது உனுக்கு” என்றார். அதோடு சரி.

அதன்பிறகு பஜாரில் அந்த மனிதருக்கு நிம்மதியில்லை. டீ வாங்கினால், “டீ உன்னுதா, வாடகையா?” செருப்புப் போட்டு நடந்தால், “உன்னுதா?” ஒரு பொடிசுகூட விடாது. நாஷ்டா வாங்கப் போன இடத்தில் யாரோ, “இட்லி உன்னுதா?” என்று கேட்டதற்கு ஊரே சிரித்ததாம். ஆடிக் கிருத்திகைக்கு ஒருவரிடம் பழக்கதோஷத்தில் விரலை நீட்டிவிட்டு, அவர் திருப்பிக் கேட்பதற்குள் விரலை மடக்கிக்கொண்டாராம். இதையும் டீக்கடைக்காரர்தான் எல்லோரிடமும் நடித்துக் காட்டினார்.

அடுத்த காணும் பொங்கலுக்கு மூன்று மாதக் கைக்குழந்தையோடு போனேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். என்ன சொல்வது என்று தெரியாது. கடையில் நீலத் துணி இல்லை. தூண்களும் படிக்கட்டும் வரைந்த அரண்மனைத் திரை தொங்கியது. எனக்கு முன்னால் ஒரு பையன் தொளதொள கோட்டோடு நின்றான். அண்ணன் அவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேமராவுக்குக் குனிந்தார்.

“இன்னாண்ணே, கோட்டு யாருதுன்னு கேக்கல?” என்றான் அவன் கண்ணடித்துக்கொண்டு.

வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் எனக்காகப் பொய் சொன்னார், புடவை எங்கள் தறியில் நெய்தது, அந்த மனிதர் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் இரவல் கொடுத்ததில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டது. வீட்டில் தறியில் பாதிப் புடவை ஓடிக்கொண்டிருந்தது, அதே முதலாளியுடையது. வரிசையில் அவருடைய ஆள் யாராவது நிற்கிறானா என்று என் கண் தானாகத் தேடியது. நான் வாயைத் திறக்கவில்லை.

என் முறை வந்தது. அரண்மனைப் படிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“கொயந்த தலைய தாங்கிப் பிடிம்மா. சொகமா கீறியா?” என்றார்.

“அண்ணா...” என்றேன்.

“பாரு, இங்க பாரு” என்று எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் குழந்தை நன்றாக விழுந்திருக்கிறான். எனக்குக் கண் மூடியிருக்கும். வேறு எடுத்துத் தருகிறேன், வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று அவர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை.